ஆன்லைனில் படித்தது பட்டத்தில் சேருமா?

(நமது அறக்கட்டளை ஏற்காட்டில் நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், பெற்றோர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஜும்ஆ முடிந்த கையோடு கடையைத் திறக்க வேண்டியவர்கள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளை சனிக்கிழமை, கீழேயிருந்து கூட்டம் ஏறி வரும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நமது கல்வி நிதியிலிருந்து நாங்கள் செலவு செய்த ஒரு தொகை, எதற்காகக் கொடுத்தோமோ அதற்குப் பயன்படாமல் போனது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் பணம் அது.

ஒண்டிக்கடைப் பக்கம் வியாபாரம் செய்யும் நம் சகோதரர் ஒருவரின் மகள் சேலத்தில் பி.சி.ஏ. படிக்கிறாள். காலையில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சாயங்காலம் அதே இருபதும் ஏறி வருகிற பிள்ளை. மழைக்காலத்தில் அந்தப் பாதை என்ன பாடுபடுத்தும் என்று நமக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டில் இருந்தபடியே ஒன்றிரண்டு பாடங்களை ஆன்லைனில் முடித்தால் அவை கல்லூரிக் கணக்கில் சேர்ந்துவிடும், கடைசி வருடச் சுமை குறையும் என்று அவளுடைய தோழி சொல்லியிருக்கிறாள். தோழி சொன்னதில் பொய் இல்லை. பாதிதான் சொன்னாள்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் இரண்டை அவள் எடுத்தாள். ஒன்று ஜாவா, பன்னிரண்டு வாரம். இன்னொன்று டேட்டாபேஸ், எட்டு வாரம். சேர்வதற்குக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். அப்போது பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். அந்த இரண்டாயிரத்தை நாங்கள் கொடுத்தோம். பிள்ளை நன்றாகவே படித்தாள். இரண்டிலும் தேர்ச்சி. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

துறைத் தலைவர் பொறுமையாக உட்கார வைத்துத்தான் பேசினாராம். ஜாவாவை ஏற்கெனவே மூன்றாவது செமஸ்டரில் கட்டாயப் பாடமாக எழுதித் தேறியாகிவிட்டது, ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை கிரெடிட் கொடுக்க முடியாது என்றார். டேட்டாபேஸ் எட்டு வாரப் பாடம், அதற்கு இரண்டு கிரெடிட். கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு நான்கு. இரண்டை வைத்து நான்கை ஈடுகட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செமஸ்டர் தொடங்கும் முன் துறையில் சொல்லி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றார்.

அன்று மாலை அவள் தன் அத்தாவுடன் எங்களைப் பார்க்க வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையில் இரண்டு சான்றிதழ்கள். "அப்போ நான் படிச்சது கணக்குல வராதா மாமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கட்டணம் கொடுத்த நாங்களாவது முதலில் கல்லூரியைக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஐ.ஐ.டி. என்ற பெயரைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தோம், விசாரித்தோம். தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறோம்.

முதலில் இந்த கிரெடிட் என்ற சொல். போன கூட்டத்தில் ஒரு பெரியவர், "கிரெடிட்டுன்னா கடன்தானே, வட்டி உண்டா?" என்று கேட்டார். சிரித்தோம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இது கடன் அல்ல, வட்டியும் இல்லை. ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்பு என்பதை அளக்கும் படி, நம் கடையில் கிலோ மாதிரி. பட்டம் வாங்க மொத்தம் இவ்வளவு கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் வைத்திருக்கும். என்.பி.டி.இ.எல். பாடங்களில் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. ஐரோப்பாவில் ஒரு வருடப் படிப்பை அறுபது என்று அளக்கிறார்கள்; அவர்கள் படி வேறு, நம் படி வேறு. மிளகை எந்தப் படியில் அளந்தார்கள் என்று கேட்காமல் நாம் விலை பேசுவதில்லை. இதிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. பொறியியல், கணினிப் பாடங்களை அதில் என்.பி.டி.இ.எல். கவனிக்கிறது. ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டைக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலேயே விதி போட்டது. அப்போது ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை. 2021-இல் அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். அதாவது ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம் இருந்தால் இரண்டு வரை ஆன்லைனில் எடுக்க விதியில் இடம் இருக்கிறது.

இடம் இருக்கிறது என்பதற்காக நம் பிள்ளையின் கல்லூரியில் அது நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்வயத்தில் உள்ள பாடங்களில் எவற்றை ஏற்பது என்று ஒவ்வொரு செமஸ்டருக்கும் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ தன் கல்விக் குழுவில் வைத்து முடிவு செய்யும். நம் மாநிலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறுகிறது. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படிக்கும் பிள்ளை, கோயம்புத்தூரில் படிக்கும் மாமன் மகன் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. பெரும்பாலும் விருப்பப் பாடங்களுக்குத்தான் வழி கிடைக்கும். ஆய்வகப் பாடத்துக்குப் பதிலாக ஆன்லைன் பாடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே பிள்ளை பதிவு செய்வதற்கு முன்பு துறையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தச் செமஸ்டரில், எந்தப் பாடத்துக்குப் பதிலாக, எந்த ஆன்லைன் பாடத்தை, எத்தனை கிரெடிட்டுக்கு ஏற்பீர்கள்? இதை வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கி வரக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பமாக எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் நம்மிடம் இருக்க வேண்டும். நம் ஆட்கள் நிலத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது சாட்சியோடு எழுதுவார்கள், பிள்ளை படிப்பு என்று வந்தால் "சார் சரின்னு சொன்னார்" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் அந்த சார் வேறு ஊருக்குப் போய்விட்டால்?

அந்தப் பிள்ளை விடவில்லை. ஐந்தாவது செமஸ்டருக்கு முன்பே துறைக்குப் போய் விருப்பப் பாடப் பட்டியலைக் கேட்டாள். கிளவுட் கம்ப்யூட்டிங் அதில் இருந்தது, மூன்று கிரெடிட். என்.பி.டி.இ.எல். பாடமும் பன்னிரண்டு வாரம், மூன்று கிரெடிட். இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துக் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் தடவை நாங்கள் கட்டணம் கொடுத்தோம்.

அவள் படித்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்கு உதவும். வாரா வாரம் ஒரு பயிற்சித்தாள் வரும், கடைசி நாள் இரவுக்குள் அனுப்ப வேண்டும். அவள் வீட்டில் மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சிக்னலும் போகும். நாகலூர், செம்மநத்தம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சித்தாள்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு. ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நிறுத்திவிட வேண்டாம். பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10-ம் தேர்வில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். ஒன்றில் அள்ளி எடுத்து இன்னொன்றில் விட்டால் கிடைக்காது. வீடியோக்களை சிக்னல் நன்றாக இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டாள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்துவடிவம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். காலைத் தேர்வு என்பதால் அவள் அத்தா முந்தின நாளே அவளைச் சேலம் கோட்டையில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பெண் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாமே, ஆன்லைன்தானே என்று நினைத்துச் சேர்க்கும் தாய்மார்கள் இதையும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு "வேண்டாம்" என்று சொல்லி மூன்று மாத உழைப்பை வீணாக்கிய வீடு ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது. பெயர் சொல்லவில்லை.

தேறினாள். கிரெடிட் சேர்ந்தது. கடைசி வருடத்தில் ஒரு பாடம் குறைந்தது. பெரிய சாதனை என்று நாங்கள் சொல்லவில்லை. வாரத்தில் சில மணி நேரம் அவளுக்குப் புராஜெக்ட் செய்யக் கிடைத்தது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்து பெயர் விஷயம். இதை எல்லாரும் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதில் நம் சமுதாயம்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் சேர்க்கும் கிரெடிட்டை வைக்க 2021 ஜூலையில் மானியக் குழு ஒரு ஏற்பாடு செய்தது. கல்விக் கிரெடிட் வங்கி என்று பெயர், ஏ.பி.சி. என்பார்கள். டிஜிலாக்கர் வழியாக ஆதாரை வைத்துக் கணக்குத் தொடங்கலாம், பன்னிரண்டு இலக்க எண் வரும். சான்றிதழை நாமே கொண்டுபோய் அதில் போட முடியாது. படிப்பு நடத்திய நிறுவனம்தான் வரவு வைக்கும். பட்டத்துக்காக எடுத்துவிட்டால் கணக்கில் கழிந்துவிடும், மறுபடி வேறு பட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. சேர்ந்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு வருடம் செல்லும். எவ்வளவு வெளியே சேர்த்தாலும், பட்டம் கொடுக்கும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும்.

வரவு வைக்கும்போது பெயர் பொருந்த வேண்டும். நம் வீடுகளில் முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆதாரில் இரண்டு எம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எம். பாத்திமாவுக்கு ஓரிடத்தில் எச் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. அத்தா பெயரின் முதல் எழுத்து பள்ளியில் முன்னால், ஆதாரில் பின்னால். சில பெண் பிள்ளைகளுக்கு பள்ளியில் இல்லாத பேகமோ பானுவோ ஆதாரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேர்வுக்குப் பதியும்போது என்ன எழுதுகிறோமோ அதுதான் சான்றிதழில் அச்சாகும். நாங்கள் பார்த்த விண்ணப்பங்களில் இந்தப் பெயர்க் குழப்பம் இல்லாதவை குறைவு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து, அதன்படி ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே செய்துவிட்டால் நல்லது.

இனி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேலே படிக்காமல் கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கும், திருமணமாகிப் படிப்பை விட்ட பெண்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் போதும். நான்கு வாரம் பாடம் நடத்தி, ஒரு தகுதித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், இதில் கிரெடிட் படிப்படியாகச் சேர்கிறது. 32 கிரெடிட்டோடு அடித்தளச் சான்றிதழ். அதற்கு மேல் 27 சேர்ந்தால் ஒரு டிப்ளமோ, இன்னொரு 27 சேர்ந்தால் இரண்டாவது டிப்ளமோ. 114-இல் பி.எஸ்சி., 142-இல் நான்கு வருட பி.எஸ். வழியில் நிற்க வேண்டி வந்தால் அதுவரை படித்ததற்குக் கையில் ஒரு சான்று இருக்கும். வீட்டு நிலைமையால் நடுவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு; வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். இதிலும் தேர்வுகளை நேரில்தான் எழுத வேண்டும். சுலபமான படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கும் புள்ளியியலும் கடினமாகவே இருக்கும், அடித்தள நிலையில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் மானியக் குழு அனுமதிக்கிறது, ஒன்று நேரில், ஒன்று ஆன்லைனில். சேலத்தில் பி.காம். படிக்கும் பிள்ளை இதையும் சேர்த்துப் படிக்கலாம். முடியுமா என்பது பிள்ளையைப் பொறுத்தது. அண்டை வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம்.

ஆனால் கல்லூரியையே விட்டுவிட்டு முழுவதும் ஆன்லைனுக்கு மாறும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். தொலைநிலைக் கல்விக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் புதுமைப் பெண் உதவி கிடையாது. மூன்று வருடத்துக்கு முப்பத்தாறாயிரம். எஸ்டேட்டில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஏஜெண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீங்க முடிச்ச ஆன்லைன் சர்டிபிகேட்டை எல்லாம் கிரெடிட்டா மாத்தி ஒரே வருஷத்துல டிகிரி வாங்கித் தர்றோம்" என்று ஒரு ஆள் நம் குடும்பம் ஒன்றிடம் முன்பணம் வாங்கிப் போனார். போன் இப்போது எடுப்பதில்லை. யூடெமி, கோர்ஸெரா போன்ற தளங்களின் சான்றிதழ்கள் வேலைக்கு உதவலாம். நம் பல்கலைக்கழகம் அந்தத் தளத்தோடு தனியே ஒப்பந்தம் வைத்திருந்தால் ஒழிய அவை பட்டத்தில் சேராது. மூன்று வருடப் பட்டத்தை ஒரு வருடத்தில் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்த எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறது என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டும் முன் எங்களிடம் ஒரு தடவை வந்தால் சேர்ந்து பார்ப்போம்.

இதையெல்லாம் வைத்து அறக்கட்டளையில் கூடிப் பேசினோம். இனி ஆன்லைன் பாடத் தேர்வுக் கட்டணமே கொடுக்க வேண்டாம், அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேருக்கு பஸ் பாஸ், புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கொடுப்பது என்றுதான் முடிவானது. கல்லூரியின் கையெழுத்துள்ள அனுமதிக் கடிதம் இருந்தால் கட்டணத்தை முழுதாகக் கொடுப்போம். கடிதம் இல்லாமல், வேலைக்கோ அறிவுக்கோ படிக்கிறேன் என்று வரும் பிள்ளைக்குப் பாதி. தேர்வு நாளில் சேலம் போக வரச் செலவும், துணைக்கு வரும் ஒருவருக்கான பஸ் செலவும் தனி.

ஸ்வயத்தில் வருடத்துக்கு இரண்டு பருவம், ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அடுத்த பருவத்துக்கு உங்கள் பிள்ளை பதிவு செய்ய நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா அறைக்கு அழைத்து வாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கல்லூரிப் பாடத்திட்டத்தின் நகல், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தப் பிள்ளையும் அங்கே இருப்பாள். துறைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அவளே சொல்லிக்கொடுக்கிறேன் என்றிருக்கிறாள். எங்களைவிட அவள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள்.